லேபிளில் உள்ள இஸ்திரிப் புள்ளிகளும் கடையில் உங்களுக்குள்ள உரிமையும்

சட்டைக் காலருக்குள்ளோ பக்கவாட்டுத் தையலிலோ இருக்கும் லேபிளில் குட்டியாக ஒரு இஸ்திரிப் பெட்டி படமும் அதற்குள் புள்ளிகளும் இருக்கும். ஒரு புள்ளி சுமார் 110 டிகிரி செல்சியஸ், இரண்டு புள்ளி 150, மூன்று 200. அந்தச் சூட்டைத் தாண்டக் கூடாது, அவ்வளவுதான், குறைவாக வைத்துத் தேய்த்தால் துணிக்கு ஒன்றும் ஆகாது. பெட்டி மேல் பெருக்கல் குறி இருந்தால் இஸ்திரியே வேண்டாம். ஒரு புள்ளி துணிகளுக்கு நீராவியும் வேண்டாம்.

நைலான், அக்ரிலிக் பெரும்பாலும் ஒரு புள்ளி. பாலியஸ்டர், பட்டு, கம்பளி இரண்டு. பருத்தி, லினன் மூன்று. ஆனால் துணியின் பெயரை மட்டும் பார்த்து முடிவெடுக்காதீர்கள், ஏனென்றால் லேபிள் முழு உடுப்புக்கும் சேர்த்துத்தான் சொல்கிறது. நல்ல பருத்திச் சட்டைதான், ஆனால் நெஞ்சில் ரப்பர் மாதிரி அச்சடித்த படம் இருந்தால் அதுதான் முதலில் உருகிப் பெட்டியில் ஒட்டிக்கொள்ளும். பிளாஸ்டிக் இழைச் சரிகையும் அப்படித்தான், சூடு கொஞ்சம் கூடினாலே சுருண்டு கறுத்துவிடும். சிங்கப்பூரின் தேக்கா வட்டாரக் கடைகளில் வாங்கும் பல சேலைகளில் லேபிளே இருக்காது. அப்போது உள்பக்கத்தைத் திருப்பி, மேலே ஒரு மெல்லிய துணி போட்டு, முந்தானை ஓரத்தில் ஒரு புள்ளிச் சூட்டில் தேய்த்துப் பாருங்கள்.

பெட்டியின் திருகியிலும் இதே புள்ளிகள்தான் இருக்கும், அதனால் வீட்டில் யார் தேய்த்தாலும், பணிப்பெண்ணுக்குத் தமிழோ ஆங்கிலமோ அவ்வளவாக வராவிட்டாலும், புள்ளிக்குப் புள்ளி பொருத்திவிடலாம். பெட்டி சீக்கிரம் சூடாகும், ஆற நேரமெடுக்கும், எனவே ஒரு புள்ளி துணிகளை முதலில் முடித்துவிடுங்கள். அப்புறம், சிங்கப்பூரில் விற்கப்படும் இஸ்திரிப் பெட்டிக்குப் பாதுகாப்பு முத்திரை கட்டாயம். இணையத்தில் மலிவாகக் கிடைக்கிறதே என்று வாங்குமுன் அந்த முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள்.

2016 டிசம்பருக்கு முந்திய ஜப்பானிய உடுப்புகளில் புள்ளிக்குப் பதில் எழுத்து இருக்கும்: 高 அதிகச் சூடு, 中 நடுத்தரம், 低 குறைவு.

சரி, லேபிள் சொன்னபடியே தேய்த்தும் துணி பொசுங்கினால்? சிங்கப்பூரில் 2012 செப்டம்பர் முதல் நடப்பில் உள்ள, பேச்சுவழக்கில் லெமன் சட்டம் எனப்படும் விதிகளின்படி, பொருள் கைக்கு வந்த ஆறு மாதத்துக்குள் தெரியவரும் குறை விற்கும்போதே இருந்ததாகத்தான் கொள்ளப்படும். இல்லை என்று காட்ட வேண்டியது கடைக்காரர் பொறுப்பு. பழுது பார்த்துத் தரவோ மாற்றித் தரவோ கேட்கலாம், அது நடக்காவிட்டால் விலைக்குறைப்போ பணமோ கேட்கலாம். நீங்களே சூட்டைக் கூட்டி வைத்திருந்தால் இது செல்லாது. உறுத்துகிறது என்று லேபிளை வெட்டுபவர்கள் வெட்டுமுன் ஒரு படம் எடுத்து ரசீதோடு வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் கடையில் காட்ட அதுதான் கையில் இருக்கும். கடைக்காரர் மசியவில்லை என்றால் பயனீட்டாளர் சங்கத்திடம் போகலாம், அதற்கும் மேலே சிறு கோரிக்கைகள் நடுவர்மன்றம் இருக்கிறது, 20,000 வெள்ளி வரையிலான கோரிக்கையை இரண்டு ஆண்டுக்குள் அங்கே கொண்டுபோகலாம்.