இரண்டு கட்டைக்கு நடுவே இருக்கும் சுரம்

காரைக்குடியில் எங்கள் அப்பத்தா வீட்டுப் பட்டாலையில் ஒரு பழைய ஹார்மோனியம் இருக்கிறது. ஜாஸ் இசையின் ஹார்மனி, அதாவது பல சுரங்களைச் சேர்த்து ஒலிக்கும் வித்தை, எனக்குப் பிடிபட்டது அதில்தான்.

ஒரு கட்டை சுருதியை ‘ஸ’ என்று வைத்துக்கொள்ளுங்கள். அதையும் ஒட்டியிருக்கும் கறுப்புக் கட்டையையும் சேர்த்து அழுத்தினால் ஒலி நடுங்கும். ஒன்று நொடிக்குச் சுமார் 262 தடவை அதிர்கிறது, மற்றது 277. ஒரு கணம் இரண்டும் சேர்ந்து ஓங்குகின்றன, மறுகணம் ஒன்றையொன்று அடக்குகின்றன. நொடிக்கு 15 தடவை இப்படி ஏறி இறங்குவதுதான் காதில் கரகரப்பாக விழுகிறது. ஸ-வோடு ப-வைச் சேர்த்தால் அதிர்வுகள் ஏறக்குறைய 2:3 என்று பொருந்திவிடும். ஆத்தங்குடிக் கல் பதித்த தரை மாதிரி வழுவழுப்பு!

ஜாஸ்காரர்கள் கரகரப்பை ஒதுக்குவதில்லை, அதை வைத்தே வேலை வாங்குகிறார்கள். ப, காகலி நி, சதுச்ருதி ரி, சுத்த ம நான்கையும் சேர்த்து அழுத்துங்கள் (காகலி, சதுச்ருதி, சுத்த போன்ற அடைமொழிகள் அந்தச் சுரத்துக்கு எந்தக் கட்டை என்று சொல்பவை). அங்கேயே நிறுத்தினால் மனசு கேட்காது. நி அடுத்த கட்டைக்கு ஏறி ஸ-வில் உட்காரத் துடிக்கும், ம ஒரு கட்டை இறங்கி அந்தர க-வுக்கு வரத் துடிக்கும். ஸ, க, ப என்று அழுத்தியதும் அப்பாடா என்றிருக்கும்.

இதுவரை மேற்கத்திய இசை முழுக்க உள்ளதுதான். ஜாஸ் செய்யும் விசேஷம் அப்புறம் வருகிறது. நி-யும் ம-வும் இன்னொரு கூட்டணியிலும் இருக்கின்றன: சுத்த ரி, ம, சுத்த த, நி. பீபாப் என்ற ஜாஸ் பாணியில் வாசித்தவர்கள் ப-வில் நிற்கும் கூட்டை எடுத்துவிட்டு இதை வைத்தார்கள். இழுக்கும் ஜோடி அதேதான், ஆனால் அடிச்சுரம் சுத்த ரி-யிலிருந்து ஒரே கட்டை வழுக்கி ஸ-வுக்கு இறங்குகிறது. எத்தனை தடவை வாசித்தாலும் எனக்கு இந்த இடத்தில் சிலிர்க்கும்.

சரி, உணர்ச்சி? அது பெரும்பாலும் கட்டைகளுக்கு நடுவேதான் இருக்கிறது. ஜாஸுக்கு வேரான ப்ளூஸ் பாட்டைப் பாடும்போது வரும் காந்தாரம் ‘சாதாரண க’வும் இல்லை, அதற்கு அடுத்த கட்டையான அந்தர க-வும் இல்லை. சாக்ஸபோன்காரர் ரீடின் மேல் உதட்டைத் தளர்த்தி அங்கே போய்விடுவார், நம் நாதஸ்வரக்காரர் சீவாளியில் செய்வது போலவே. பியானோவில் அது முடியாது. அதனால் ஜாஸ் பியானோ கலைஞர் தெலோனியஸ் மங்க் பக்கத்துப் பக்கத்துக் கட்டைகளை ஒன்றாக அழுத்தினார். அந்தக் கரகரப்பில் நடுச்சுரத்தின் சாயல் கிடைக்கிறது.

வீணைக்கு இந்தத் தடையே இல்லை. மெட்டு (தந்திக்கு அடியில் உள்ள உலோகப் பட்டை) மெழுகில் அசையாமல் நின்றாலும் தந்தியைப் பக்கவாட்டில் இழுக்கலாம். அரைச்சுரம், அதாவது ஒரு கட்டை தூரம், ஏற இழுவிசை சுமார் 12 சதவீதம் கூட வேண்டும். வீணை வாசிப்பவர்களின் இடதுகை விரல்களில் கோடு விழுந்திருப்பது தந்தியை இப்படி அழுத்தியும் வழுக்கியும் இழுத்தும் வாசிப்பதால்தான்.