மீட்மிண்டருங்: இரைச்சலுக்காக வாடகை குறைவதைத் தமிழில் எப்படிச் சொல்வது?

ஜெர்மனியில் வாடகை வீட்டில் குடியிருக்கும் எவரும் தெரிந்து வைத்திருக்க வேண்டிய சொல் ‘மீட்மிண்டருங்’. மேல்வீட்டில் விடிய விடியப் பாட்டு, அடுத்த வாசலில் மாதக்கணக்கில் துளைபோடும் வேலை என்று வீட்டில் ஒழுங்காக இருக்கவே முடியாத நிலை வந்தால், அந்த நாட்களுக்கு முழு வாடகை கொடுக்க வேண்டியதில்லை என்ற ஏற்பாட்டுக்கு அதுதான் பெயர். எண்பதுகளில் அங்கே போய்ச் சேர்ந்த ஈழத்தமிழ்க் குடும்பங்களுக்கும், பிறகு கணினி வேலைக்காகப் போனவர்களுக்கும் இது அன்றாடத் தேவை. இதைத் தமிழில் சொல்ல வரும்போது ‘வாடகைத் தள்ளுபடி’ என்றோ ‘வாடகைச் சலுகை’ என்றோதான் சட்டென்று வாயில் வருகிறது. இரண்டுமே தவறு என்பது என் உறுதியான கருத்து. தவறான சொல், உரிமை உள்ளவரைக் கெஞ்ச வைத்துவிடுகிறது.

சொல்லைப் பிரித்துப் பார்ப்போம். ‘மீட்டெ’ என்றால் வாடகை. பழைய ஜெர்மன் மொழியில் இதன் பொருள் கூலி, வெகுமதி. கூலியைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லான ‘மிஸ்தோஸ்’ இதற்குத் தூரத்து உறவு. உழைப்புக்குக் கொடுப்பதைக் குறித்த சொல், பிற்பாடு இன்னொருவர் பொருளைப் பயன்படுத்தக் கொடுக்கும் பணத்தைக் குறிக்க ஆரம்பித்தது. தமிழிலும் இதே வழி உண்டு. வாடகை என்ற சொல் புழங்கும் இடத்தில் முன்பு ‘குடிக்கூலி’ என்றும் சொன்னார்கள். குடியிருப்பதற்குக் கொடுக்கும் கூலி. வாடகையை வடமொழி ‘பாடக’ என்பதோடு சேர்த்துக் காட்டுவார்கள். குடிக்கூலியோ தனித்தமிழ். இன்றைக்கு வாடகை என்றால்தான் எல்லோருக்கும் புரியும் என்பதால் அதையே வைத்துக்கொள்வது நல்லது. ஆனால் குடிக்கூலியில் உள்ள ‘கூலி’ ஒரு விஷயத்தைத் தெளிவாக்குகிறது. கூலி என்பது ஒன்றைப் பெற்றதற்குக் கொடுப்பது. பெற்றது குறைந்தால் கொடுப்பதும் குறையும்.

‘மிண்டருங்’ என்பது குறைதல், குறைத்தல் இரண்டையும் குறிக்கும். குறைவான என்று பொருள்படும் ‘மிண்டர்’ என்பதிலிருந்து வந்தது. இங்கேதான் சட்டத்தின் வாசகத்தைக் கவனிக்க வேண்டும். 1900 ஜனவரி 1 முதல் நடப்பில் இருக்கும் ஜெர்மன் குடிமைச் சட்டத் தொகுப்பை அங்கே ‘பே கே பே’ என்று சுருக்கிச் சொல்வார்கள். அதன் 536ஆம் பிரிவு இப்படிப் போகிறது: வீடு ஒப்பந்தப்படி பயன்படாத அளவுக்குக் குறைபாடு இருந்தால், அந்தக் காலத்துக்கு வாடகையே தர வேண்டாம், பயன்பாடு குறைந்திருந்தால், அந்தக் காலத்துக்குத் தகுந்தபடி இறங்கிய வாடகையை மட்டும் தந்தால் போதும். அற்பமான குறைபாடு கணக்கில் வராது. வீட்டுக்காரர் மனம் வைக்க வேண்டும், சம்மதக் கடிதம் தர வேண்டும் என்றெல்லாம் அதில் ஒரு சொல்லும் கிடையாது. குறைபாடு வந்த நாளிலிருந்து சட்டப்படியே வாடகை தானாக இறங்கிவிடுகிறது. குடியிருப்பு வீடுகளில் இதற்கு மாறாகக் குடியிருப்பவருக்குப் பாதகமாக ஒப்பந்தத்தில் எழுதிக்கொண்டாலும் செல்லாது.

தள்ளுபடி ஒருவர் கொடுப்பது. சலுகை ஒருவர் காட்டுவது. இலங்கையில் விலைக்கழிவு என்று சொல்லும் ‘கழிவு’ம் விற்பவர் விட்டுக்கொடுப்பதுதான். இந்த மூன்றிலும் கொடுக்கும் கை மேலே இருக்கிறது. ஆகவே இவை எதுவும் மீட்மிண்டருங்குக்குப் பொருந்தாது. ‘வாடகைக் குறைப்பு’ என்பதே சரியான பெயர்ச்சொல். ‘வாடகைக் குறைவு’ என்றால் மலிவான வாடகை என்று படும். ஆனால் வினையாக எழுதும்போது தன்வினையை எடுத்துக்கொள்ளலாம்: “இந்தக் குறைபாட்டால் வாடகை குறைகிறது.” குறைகிறது, குறைக்கிறேன் என்று தமிழ் இரண்டாகப் பிரித்து வைத்திருக்கும் வசதி இங்கே கை கொடுக்கிறது. “வாடகையைக் குறைத்துத் தரும்படி வேண்டுகிறேன்” என்று எழுதுபவர் தன்னிடம் ஏற்கெனவே உள்ளதைக் கேட்டு நிற்கிறார்.

அடுத்தது ‘மாங்கெல்’, அதாவது குறைபாடு. இதற்குப் ‘பழுது’ என்று எழுதினால் குழாய் ஒழுகுவதற்கும் ஹீட்டர் வேலை செய்யாததற்கும் சரி, இரைச்சலுக்குச் சரிவராது. சுவர், கதவு, ஜன்னல் எல்லாம் நன்றாகவே இருக்கும். ஆனால் தூங்க முடியாது. அதுவும் மாங்கெல்தான். ‘குறைபாடு’ இரண்டையும் தாங்கும். கூடவே, குறைபாடு இருந்தால் வாடகை குறையும் என்று ஒரே வேரில் சொல்லிவிடலாம். ஜெர்மன் மொழியில் இந்த இரண்டு சொற்களுக்கும் அப்படி உறவு இல்லை.

‘லேர்ம்’ என்றால் இரைச்சல். இதன் பிறப்பு சுவையானது. இத்தாலிய மொழியில் ‘ஆல் ஆர்மெ’ என்றால் ‘ஆயுதம் எடுங்கள்’ என்ற போர்க் கூக்குரல். அதிலிருந்துதான் ‘அலாரம்’ வந்தது. ஜெர்மன் மொழியில் முன்னெழுத்தைத் தொலைத்துவிட்டு லேர்ம் ஆனது. ஆபத்துக்கான கூக்குரல், பிறகு வேண்டாத எல்லாச் சத்தத்துக்கும் பெயராகிவிட்டது. தமிழில் ஒலி, ஓசை, சத்தம், இரைச்சல் என்று நமக்குப் பல உண்டு. ஒலியும் ஓசையும் நல்லதும் இல்லை கெட்டதும் இல்லை. ஜெர்மனின் ‘கெரொய்ஷ்’ என்பதற்கு அவை போதும். சத்தம் பேச்சுக்கு நன்றாக இருக்கும். தொல்லை என்ற பொருளையும் சேர்த்துச் சுமப்பது இரைச்சல்தான். எனவே கடிதத்தில் இரைச்சல் என்றே எழுதலாம்.

இதன் எதிர்ப்பக்கம் ‘ரூஹெ’: அமைதி, ஓய்வு. ‘நாக்ட்ரூஹெ’ இரவமைதி, பெரும்பாலும் இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை. ஞாயிற்றுக்கிழமைக்கும் விடுமுறை நாட்களுக்கும் தனிக் கட்டுப்பாடு உண்டு. மாநிலம், நகரம், கட்டடத்தின் வீட்டு விதிகள் ஆகியவற்றைப் பொறுத்து விவரம் மாறும். ‘ரூஹெஷ்டோருங்’ அமைதிக் குலைவு. ‘ட்சிம்மர்லவுட்ஷ்டெர்கெ’ என்று ஒரு நீண்ட சொல் இருக்கிறது, எனக்கு மிகவும் பிடித்தது: அறைக்கு உள்ளே கேட்டு, பக்கத்து வீட்டுக்குத் தொல்லையாகப் போகாத அளவு ஒலி. ‘அறையளவு ஒலி’ என்று அப்படியே தமிழில் வைத்துக்கொள்ளலாம், புரிகிறது. வாடகை வழக்குகளில் கடைசித் தீர்ப்புச் சொல்லும் ஜெர்மன் கூட்டாட்சி நீதிமன்றம் இருக்கும் ஊரின் பெயரிலும் இந்த ரூஹெ உண்டு. கார்ல்ஸ்ரூஹெ, அதாவது கார்லின் ஓய்விடம்; கார்ல் வில்ஹெல்ம் என்ற சிற்றரசர் 1715இல் நிறுவிய ஊர்.

எல்லா இரைச்சலும் மாங்கெல் ஆகாது என்பதையும் சொல்லியாக வேண்டும். ஹாம்பர்கில் ஒரு வாடகை வீட்டை ஒட்டிய பள்ளியில் 2010இல் புதிதாகப் பந்தாட்டத் திடல் வந்தது. குடியிருந்தவர்கள் வாடகையில் 20 விழுக்காட்டைப் பிடித்தார்கள். 2015 ஏப்ரல் 29 அன்று கூட்டாட்சி நீதிமன்றம் ஒரு வரம்பு போட்டது: அக்கம்பக்கத்திலிருந்து வரும் இரைச்சலை வாடகைக்கு விடுபவரே இழப்பீடு இல்லாமல் பொறுத்துக்கொள்ள வேண்டியிருந்தால், ஒப்பந்தத்தில் வேறு ஏற்பாடு இல்லாதவரை அது பொதுவாகக் குறைபாடு ஆகாது. குழந்தைகள் காப்பகம், விளையாட்டிடம் போன்றவற்றிலிருந்து வரும் குழந்தைகளின் சத்தத்தைத் தீங்கான பாதிப்பாகப் பொதுவாகக் கருதக்கூடாது என்று 2011 முதல் சட்டமே சொல்கிறது. பக்கத்து மனையின் கட்டுமான இரைச்சலுக்கும் 2020இல் அதே நீதிமன்றம் இதே அளவுகோலை நீட்டியது. அதே கட்டடத்தின் இன்னொரு வீட்டிலிருந்து வரும் தொல்லையின் கதை வேறு. அங்கே குடியிருப்பவரின் கை ஓங்கியிருக்கும். வீடு எடுக்கும்போதே தெரிந்திருந்த இரைச்சலுக்குப் பிறகு வாடகை பிடிக்க முடியாது என்பதையும் மறக்கக்கூடாது.

இனி மொழிபெயர்ப்புக் கருவிகள் தடுமாறும் இரண்டு சொற்கள். ‘மெங்கெல்அன்ட்சைகெ’ என்பதில் உள்ள அன்ட்சைகெ, செய்தித்தாள் விளம்பரத்தையும் குறிக்கும், போலீசில் கொடுக்கும் புகாரையும் குறிக்கும். இங்கே இரண்டும் இல்லை. காட்டுதல், தெரியப்படுத்துதல் என்ற மூலப்பொருள்தான் இங்கே. ஆகவே ‘குறைபாட்டு அறிவிப்பு’. புகார் என்றோ இலங்கை வழக்கில் முறைப்பாடு என்றோ எழுதினால் யாரையோ குற்றம் சாட்டும் தொனி வந்துவிடும், வீட்டுக்காரருடன் வீணான மனக்கசப்பு. இந்த அறிவிப்பு கட்டாயம்: குறைபாடு தெரிந்ததும் தாமதிக்காமல் சொல்ல வேண்டும் என்று 536சி பிரிவு கேட்கிறது. சொல்லாததால் அவரால் சரிசெய்ய முடியாமல் போயிருந்தால், அந்தக் காலத்துக்குக் குறைப்பும் இல்லை. (அறிவிப்பை எழுத்தில் கொடுப்பதே நல்லது. பிற்பாடு காட்ட ஒரு நகல் இருக்கும்.)

இன்னொன்று ‘லேர்ம்புரோட்டோகோல்’. புரோட்டோகால் என்றதும் கணினித் துறையினர் ‘நெறிமுறை’ என்று எழுதிவிடுவார்கள். ‘இரைச்சல் நெறிமுறை’ என்றால் ஏதோ இப்படித்தான் சத்தம் போட வேண்டும் என்ற விதி போல ஆகிவிடுகிறது. கிரேக்கத்தில் அது பாப்பிரஸ் சுருளின் முதல் தாளாக ஒட்டிய ஏடு. அப்புறம் பதிவு, ஆவணம் என்ற பொருளுக்கு வந்தது. நமக்கு வேண்டியது ‘இரைச்சல் குறிப்பேடு’: தேதி, நேரம், என்ன சத்தம், எவ்வளவு நேரம், வேறு யார் கேட்டார்கள். மீண்டும் மீண்டும் வரும் தொல்லைக்கு ஒவ்வொரு நிமிடக் கணக்கும் வேண்டாம்; என்ன வகை, எந்த நேரத்தில், எவ்வளவு நேரம், ஏறத்தாழ எத்தனை தடவை என்று விவரித்தால் போதும் என்று 2012இல் கூட்டாட்சி நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. ஆனாலும் குறிப்பேடு எழுதி வைப்பவருக்கு வழக்கில் பலம் கூடும்.

எவ்வளவு குறையும்? சட்டத்தில் விழுக்காடு எதுவும் இல்லை. பழைய தீர்ப்புகளைத் தொகுத்த அட்டவணைகள் கிடைக்கும்; அவை ஒரு மதிப்பீட்டுக்குத்தான். கணக்குப் போடும்போது ‘கால்ட்மீட்டெ’, ‘வார்ம்மீட்டெ’ என்ற சொற்கள் வரும். அவற்றைக் குளிர் வாடகை, சூடான வாடகை என்று எழுதினால் யாருக்கும் விளங்காது. அடிப்படை வாடகை என்றும், ஹீட்டர், தண்ணீர் போன்ற செலவுகள் சேர்ந்த வாடகை என்றும் சொல்லலாம். விழுக்காட்டை மொத்த வாடகையில்தான் கணக்கிட வேண்டும் என்று 2005இல் தீர்ப்பாகிவிட்டது. அடிப்படை வாடகை 700 யூரோ, செலவுகள் 200 யூரோ என்றால், 10 விழுக்காடு 90 யூரோ. இரைச்சல் அரை மாதம்தான் இருந்தது என்றால் 45.

கடைசியாக ‘உன்டர் ஃபோர்பெஹால்ட்’. ஃபோர்பெஹால்ட் என்றால் தனக்கென்று நிறுத்தி வைத்துக்கொள்வது. ‘நிபந்தனையுடன்’ என்று மொழிபெயர்ப்பது தவறு, ஏனென்றால் இதில் நிபந்தனை ஏதும் இல்லை. ‘உரிமையை விட்டுக்கொடுக்காமல்’ என்பதே பொருத்தம். இந்தச் சொல் ஏன் முக்கியம் என்றால், வாடகையை மனம்போல அதிகமாகப் பிடித்து, பிறகு நீதிமன்றம் ஒப்புக்கொள்ளவில்லை என்றால் பிடித்த தொகை பாக்கியாகும். இரண்டு மாத வாடகை அளவுக்குப் பாக்கி சேர்ந்தால் முன்னறிவிப்புக் காலம் இல்லாமலே வீட்டுக்காரர் ஒப்பந்தத்தை முறிக்கலாம். சந்தேகம் இருந்தால் முழு வாடகையையும் செலுத்தி, வீட்டுக்காரருக்கு எழுதும் கடிதத்திலும் வங்கிப் பரிமாற்றக் குறிப்பிலும் உன்டர் ஃபோர்பெஹால்ட் என்று சேர்த்துவிட வேண்டும். அப்படிச் சேர்க்காமல், குறைப்பு உண்டு என்று தெரிந்தே முழுசாகக் கட்டினால், கூடுதலாகக் கொடுத்ததைத் திரும்பக் கேட்கும் வழி அடைபடலாம்.