ஐஸ் மேல் ஓடும் ஹவாய் செருப்பு

ஒரு சின்னச் சோதனை. எழுந்து நின்று, குதிகாலைக் கடைசிவரை தரையில் அழுத்தியபடியே எம்பிக் குதித்துப் பாருங்கள். பெரிதாக ஒன்றும் எழும்ப முடியாது. இப்போது வழக்கம்போல, கடைசியில் முன்பாதத்தை ஊன்றி உந்திக் குதியுங்கள். வித்தியாசம் உடனே தெரியும். அடியில் கத்தி பொருத்திய ஷூவோடு ஐஸில் பந்தயம் ஓடும் ஸ்பீடு ஸ்கேட்டிங் வீரர்கள் பல தலைமுறைகளாக அந்த முதல் குதியைத்தான் பனித்தரையில் போட்டுக்கொண்டிருந்தார்கள்.

ஏன் என்று புரிய, அவர்கள் எப்படி முன்னே போகிறார்கள் என்று பார்க்க வேண்டும். ஓடும்போது நாம் தரையைப் பின்னால் தள்ளுகிறோம். ஐஸில் அது நடக்காது. நொடிக்கு 12 மீட்டர் வேகத்தில் வழுக்கிப் போகும் கத்தியைப் பின்பக்கம் தள்ளினால் பிடிமானமே இருக்காது. ஆனால் பக்கவாட்டில் அந்தக் கத்தி ஐஸைக் கவ்விப் பிடிக்கும். அதனால் காலைச் சற்றே சாய்த்து வெளிப்பக்கமாக உதைக்கிறார்கள். உடல் எதிர்ப்பக்கம் சாய்ந்து முன்னேறுகிறது. அடுத்து மறுகால். அவர்கள் போன தடம் பாம்பு ஊர்ந்ததுபோல வளைந்து கிடப்பது இதனால்தான்.

சிக்கல் உதையின் கடைசிக் கட்டத்தில். ஸ்கேட்டின் அடிக்கத்தி 40 சென்டிமீட்டர் நீளமிருக்கும். தடிமன் ஒரு மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் மேல். அது ஷூவோடு இறுக்கமாகப் பொருத்தப்பட்டிருந்தால், குதிகாலைத் தூக்கியதும் கத்தியின் முனை ஐஸில் குத்தும், உரசும், வேகம் போகும். எனவே குதிகாலை எழுப்பாமல், முழங்கால் முழுதாக நிமிர்வதற்கு முன்பே காலை எடுத்துவிடப் பழகினார்கள். கெண்டைக்கால் தசை சும்மா இருந்தது.

ஆம்ஸ்டர்டாமின் வ்ரையே பல்கலைக்கழகத்தில் ஹெரிட் யான் ஃபான் இங்கன் ஸ்கெனாவ் என்பவர், மனிதர்கள் எம்பிக் குதிப்பதை ஆராய்ந்துகொண்டிருந்தார். 1980களில் அவர் குழு கண்ட வழி ரொம்ப எளிது: முன்பாதத்தின் கீழே ஒரு கீல். குதிகால் எழும், கத்தி முழுசாக ஐஸிலேயே படுத்திருக்கும். கால் தரையை விட்டதும் ஒரு ஸ்பிரிங் கத்தியை இழுத்துக் குதிகாலோடு சேர்க்கும். ‘டப்’ என்று சத்தம். ஹவாய் செருப்பு போட்டு நடக்கும்போது வருமே, கிட்டத்தட்ட அதேதான். டச்சு மொழியில் ‘கிளாப்’ ஸ்கேட் என்ற பெயரும் அந்தச் சத்தத்தால் வந்ததே.

இதில் சுவாரசியம், பழைய ஸ்கேட்டிலும் பாதம் கொஞ்சம் சுழலத்தான் செய்தது. ஆனால் சுழன்றது எங்கே? கத்தியின் நுனியில். கீல் வந்தபின் சுழலும் புள்ளி முன்பாதத்துக்கு அடியில் வந்துவிட்டது. நெம்புகோலை எங்கே ஊன்றுகிறோம் என்பதில்தானே எல்லாம் இருக்கிறது!

சரி, எல்லாரும் ஓடிவந்து வாங்கினார்களா? இல்லை. முன்னணி வீரர்கள் பல வருடம் சீண்டவே இல்லை. உடைந்த ஸ்கேட் மாதிரி சத்தம் போடும் ஒன்றை யார் நம்புவார்? 1994-95 பருவத்தில் நெதர்லாந்தின் தெற்கு ஹாலந்து ஜூனியர்கள் போட்டுப் பார்த்தார்கள்; அவர்களுடைய நேரங்கள் மற்றவர்களைவிட வேகமாகக் குறைந்தன. 1997இல் நெதர்லாந்து வீராங்கனை டோனி டி யோங் இதை அணிந்து, அசைக்க முடியாதவர் என்று பேரெடுத்த ஜெர்மனியின் குண்டா நீமனைத் தோற்கடித்து ஐரோப்பியப் பட்டம் வென்றார். அதற்கப்புறம் தயங்க யாருக்கும் தைரியமில்லை.

1994 ஒலிம்பிக்கில் நார்வேயின் யோஹான் ஓலாவ் காஸ் 10,000 மீட்டரை 13 நிமிடம் 30.55 நொடியில் முடித்துத் தங்கம் வாங்கினார். பழைய ஸ்கேட்டில் அது அசுரச் சாதனை. நான்கே வருடம் கழித்து, 1998இல் ஜப்பானின் நகானோ ஒலிம்பிக்கில், கீல் ஸ்கேட்டோடு வந்த நெதர்லாந்தின் ஜானி ரோம் 13:15.33. இருவரையும் ஒரே பந்தயத்தில் விட்டிருந்தால், ரோம் கோட்டைத் தொடும்போது காஸ் சுமார் 190 மீட்டர் பின்னால், 400 மீட்டர் தடத்தில் கிட்டத்தட்ட அரைச்சுற்று தள்ளி இருந்திருப்பார். எல்லாமே கீலின் புண்ணியம் என்று சொல்ல மாட்டேன். பயிற்சி, ஐஸ், ஆள் எல்லாம் மாறுகிறது. ஆனாலும் அரைச்சுற்று!

ஃபான் இங்கன் ஸ்கெனாவ் அதே 1998இல் காலமானார்.

அடுத்த குளிர்கால ஒலிம்பிக்கைப் பார்க்கும்போது டிவி சத்தத்தைக் கொஞ்சம் கூட்டி வையுங்கள். இந்த 400 மீட்டர் தடத்தில் நடக்கும் நீளத் தடத்துப் போட்டியில் அந்த டப், டப் கேட்கும். சிறிய தடத்தில் சுற்றும் ஷார்ட் டிராக் போட்டியில் கேட்காது; அங்கே கீல் வைத்த ஸ்கேட்டுக்கு அனுமதி இல்லை.