ஜன்னலோர வெயில் ஆமைக்குப் போதாது

கொளத்தூர் வண்ணமீன் கடைகளில் ஐந்து ரூபாய் நாணயத்தைவிடச் சற்றே பெரிதாக, பச்சைப் பசேலென்று நீந்தும் ஆமைக் குஞ்சுகளைப் பார்த்திருப்பீர்கள். கண்ணுக்குப் பின்னால் சிவப்புப் பட்டை இருக்கும். அமெரிக்காவின் மிசிசிப்பி ஆற்றுப் படுகையைச் சேர்ந்த ரெட் இயர்டு ஸ்லைடர் அது. ஆசையாக வாங்கிவந்து ஹாலில் கண்ணாடித் தொட்டியில் விடுகிறோம். சில மாதம் கழித்து அதன் முதுகு ஓடு, மெல்ல அழுத்தினாலே அமுங்குகிறது. சென்னையில் இருந்துகொண்டே அந்தக் குஞ்சு வெயிலுக்கு ஏங்கிப்போயிருக்கிறது.

ஆமை ஓடு என்பது அதன் முதுகெலும்பும் விலா எலும்புகளும் விரிந்து ஒட்டிக்கொண்டது. மேலே தெரியும் கட்டங்கள் நம் நகத்தில் உள்ளதைப் போன்ற கெரட்டின் என்ற புரதம். அடியில் இருப்பது உயிருள்ள எலும்பு. எலும்புக்குக் கால்சியம் வேண்டும். அதைக் குடல் உறிஞ்ச வைட்டமின் டி3 வேண்டும். வெயிலில் உள்ள யுவி-பி என்ற புற ஊதாக் கதிர் தோலில் பட்டால் அங்குள்ள ஒரு கொழுப்புப் பொருள் மாறி, உடல் சூட்டில் டி3 ஆகிறது. அது இல்லாவிட்டால் ரத்தத்தில் கால்சியம் குறையும். இதயமும் தசையும் கால்சியம் இல்லாமல் இயங்காது என்பதால், உடல் எலும்பைக் கரைத்து எடுத்துக்கொள்ளும். இப்படித்தான் ஓடு மெலிகிறது.

“ஜன்னலோரம்தானே வைத்திருக்கிறோம்” என்பார்கள். ஜன்னல் கண்ணாடி வெளிச்சத்தை விடும், யுவி-பியைப் பெரும்பாலும் தடுத்துவிடும். அதற்காக மே மாத மொட்டைமாடியில் தொட்டியோடு வைத்துவிடாதீர்கள். ஆமைக்கு வியர்க்காது. சூடானால் நிழலுக்கோ ஆழத்துக்கோ போய்த்தான் தப்பிக்கும். சின்னத் தொட்டியில் எங்கே போகும்? அகலமான டப்பில் தண்ணீர், ஏறி உட்கார உலர்ந்த கல், பாதிக்கு நிழல், காலை ஒன்பது மணி வெயில். மேலே வலை அவசியம், காக்கை தூக்கிவிடும். வெயிலே விழாத ஃபிளாட் என்றால் யுவி-பி விளக்கு வேண்டும். அது எரிந்துகொண்டே இருந்தாலும் கதிர் குறைந்துபோகும் என்பதால் தயாரிப்பாளர் சொல்லும் காலத்தில் மாற்றிவிடுங்கள்.

அப்புறம் உணவு. காய்ந்த இறாலை மட்டும் போட்டால் கால்சியம் போதாது. நாட்டு மருந்துக் கடையில் கடல்நுரை என்று கேளுங்கள். கணவாயின் உள்ளோடு அது, பெரும்பாலும் கால்சியம் கார்பனேட்தான். ஒரு துண்டைத் தண்ணீரில் மிதக்கவிட்டால் ஆமையே கொறித்துக்கொள்ளும்.

நன்றாக வளர்த்தால் பெண் ஆமை 25 சென்டிமீட்டரைத் தாண்டும், இருபது முப்பது ஆண்டு வாழும். பெரிதானதும் கோயில் குளத்திலோ ஏரியிலோ விடுகிறவர்கள் இருக்கிறார்கள். தயவுசெய்து வேண்டாம். உலகின் மிக மோசமான 100 அந்நிய ஊடுருவல் உயிரினங்களின் பட்டியலில் இதுவும் உண்டு. நம் ஏரி ஆமைகளின் இரையையும் வெயில் காயும் இடத்தையும் இது பிடித்துக்கொள்ளும்.