மின்சாரமே இல்லாமல் முள் எப்படி நகர்கிறது?

பெரிய இன்ஜின் பொருத்திய பழைய அமெரிக்க ‘மசில்’ கார்கள் மீது ஆர்வமுள்ள வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்: “டாஷ்போர்டுக்கு அடியில் மூன்று வட்ட மீட்டர்களைத் தனியாக வாங்கி மாட்டுகிறார்கள். அதில் ஆயில் பிரஷர் மீட்டருக்கு, உள்ளே எரியும் சின்ன பல்பின் வயரைத் தவிர வேறு வயரே இல்லை. மெல்லிய செம்புக் குழாய் ஒன்றுதான் போகிறது. அப்படியானால் முள்ளை நகர்த்துவது எது?” இப்படி ஒரு கேள்வி வராதா என்று ரொம்ப நாளாகக் காத்திருந்தேன். நான் மிகவும் நேசிக்கும் கருவி அந்த மீட்டருக்குள்தான் இருக்கிறது.

முதலில் அந்த மீட்டர் எதற்கு என்று பார்த்துவிடுவோம். 1964இல் போன்டியாக் நிறுவனம் தன் நடுத்தர அளவு டெம்பஸ்ட் காரில் 389 கன அங்குல வி8 இன்ஜினை வைத்து, ஜிடிஓ என்ற பெயரில் விற்றது. அடுத்தடுத்த வருடங்களில் மற்ற நிறுவனங்களும் போட்டிக்கு இறங்கின. இன்ஜினுக்குக் காட்டிய அக்கறையை டாஷ்போர்டுக்கு யாரும் காட்டவில்லை. கூடுதல் பணம் கட்டி மீட்டர் தொகுப்பு வாங்காதவர்களுக்குப் பெரும்பாலும் கிடைத்தது ஒரு வேகமானி, ஒரு பெட்ரோல் மீட்டர், அப்புறம் சில சிவப்பு விளக்குகள். ஆயில் விளக்கு எரிய வேண்டுமென்றால் அழுத்தம் கிட்டத்தட்ட ஒன்றுமில்லாமல் போயிருக்க வேண்டும். 60 பி.எஸ்.ஐ.யில் (சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு என்ற அழுத்தக் கணக்கு) ஓட வேண்டிய இன்ஜின் 20 பி.எஸ்.ஐ.யில் ஓடிக்கொண்டிருந்தாலும் விளக்கு சும்மாதான் இருக்கும். பேரிங் தேய்வதை முன்கூட்டியே கண்டுபிடிக்க முள் வேண்டும்.

மாட்டும் வேலை பெரிய கம்பசூத்திரம் இல்லை. பேட்டரியைக் கழற்றிவிட்டு, இன்ஜின் பிளாக்கில் இருக்கும் ஆயில் சென்சாரைக் கழற்ற வேண்டும். ஷெவர்லே ஸ்மால் பிளாக் வி8இல் அது பின்பக்கம், டிஸ்ட்ரிபியூட்டருக்கு அருகில் இருக்கும். அந்த ஓட்டையில் ‘T’ வடிவப் பித்தளை இணைப்பு ஒன்றை முடுக்கி, ஒரு வாயில் பழைய சென்சாரையும் இன்னொரு வாயில் குழாயையும் பொருத்தினால் சிவப்பு விளக்கும் பிழைக்கும், மீட்டரும் வேலை செய்யும். விளக்கை எடுத்துவிடாதீர்கள். ஓட்டும்போது கண் எப்போதும் முள்ளைப் பார்த்துக்கொண்டிருக்காது, சிவப்பு வெளிச்சம் கண்ணை இழுத்துவிடும். குழாய் கேபினுக்குள் நுழையும் ஓட்டையில் ரப்பர் புஷ் கட்டாயம். செம்பு திரும்பத் திரும்ப அதிர்ந்தால் இறுகி விரிசல் விடும் என்பதால், வழியில் குழாயை ஒரு சுற்றுச் சுற்றி விட வேண்டும்.

சரி, மீட்டருக்குள் போவோம். மூடியைத் திறந்தால் மின்காந்தமோ கம்பிச்சுருளோ எதுவும் கிடையாது. ‘சி’ வடிவில் வளைந்த ஒரு பித்தளை அல்லது வெண்கலக் குழாய் மட்டும் இருக்கும். அதன் ஒரு முனை மீட்டரின் உடம்போடு பற்றவைக்கப்பட்டிருக்கும், ஆயில் வருவது அந்த வழியாகத்தான். மறுமுனை அடைக்கப்பட்டு, எதிலும் ஒட்டாமல் நிற்கும். இன்னும் உற்றுப் பார்த்தால் இன்னொன்றும் தெரியும். அந்தக் குழாய் உருண்டை இல்லை, தட்டை. குறுக்காக வெட்டினால் வெட்டு முகம் நீள்வட்டமாக இருக்கும். மொத்த ரகசியமும் அந்தத் தட்டையில்தான் இருக்கிறது.

யூஜீன் போர்டன் என்ற பிரெஞ்சுப் பொறியாளர் 1849இல் இதற்குக் காப்புரிமை வாங்கினார். நீராவி இயந்திரத்துக்காகச் சுருளாக வளைத்த குழாய் ஒன்று வேலையின்போது தட்டையாகிவிட, அதை மீண்டும் உருண்டையாக்க ஒரு முனையை அடைத்துவிட்டு உள்ளே தண்ணீரை அழுத்தத்தோடு செலுத்தினார்கள் என்றும், குழாய் உருண்டையானது மட்டுமில்லாமல் சுருளும் பிரியத் தொடங்கியது என்றும் சொல்லப்படுகிறது.

ஏன் பிரிய வேண்டும்? உள்ளே அழுத்தம் ஏறினால் தட்டைக் குழாய் உப்பி, வட்டத்தை நோக்கிப் போகும் என்பது எல்லோருக்கும் புரியும். வளைவு நிமிர்வதற்கும் அதற்கும் என்ன சம்பந்தம்? இதற்குப் பள்ளிக் கணக்கே போதும். வட்டவில்லின் நீளம் என்பது ஆரம் பெருக்கல் கோணம். வளைந்த குழாய்க்கு இரண்டு சுவர்கள் உண்டு. வெளிச்சுவரின் நீளம் வெளி ஆரம் பெருக்கல் கோணம், உட்சுவரின் நீளம் உள் ஆரம் பெருக்கல் அதே கோணம். ஒன்றிலிருந்து மற்றதைக் கழித்தால், மிஞ்சுவது இரண்டு சுவர்களுக்கும் நடுவே உள்ள இடைவெளி பெருக்கல் கோணம். உலோகம் நீளவாக்கில் அவ்வளவு எளிதில் இழுபடாது. ஆக, இரண்டு சுவர்களின் நீளமும் மாறாது, அவற்றின் வித்தியாசமும் மாறாது. இடைவெளி பெருக்கல் கோணம் மாறாது என்றால், இடைவெளி கூடும்போது கோணம் குறைந்தே தீர வேண்டும். கோணம் குறைகிறது என்றால் ‘சி’ விரிகிறது. அவ்வளவுதான்!

எண் போட்டுப் பாருங்கள். 250 டிகிரி வளைந்த ஒரு குழாயில் சுவர்களுக்கு இடையே 4 மில்லிமீட்டர் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அழுத்தத்தில் அது 4.08 ஆகிறது. கூடியது ஒரு முடியின் தடிமன்தான், கண்ணுக்கே தெரியாது. ஆனால் கோணம் 250லிருந்து 245க்கு வந்துவிடும். உருண்டைக் குழாயில் இது நடக்கவே நடக்காது. வட்டம் இதற்கு மேல் வட்டமாக முடியாதே! தட்டையாக இருப்பதைக் குறை என்று நினைத்துச் சரிசெய்யப் போய், அதிலிருந்தே உலகம் முழுக்கப் பயன்படும் ஒரு கருவி பிறந்திருக்கிறது. இந்தக் கணக்கை எத்தனை முறை போட்டுப் பார்த்தாலும் எனக்குச் சலிப்பதில்லை.

அடைத்த முனை நகர்வது ஓரிரு மில்லிமீட்டர்தான். அது ஒரு சின்ன நெம்பைத் தள்ள, நெம்பின் மறுபக்கம் உள்ள விசிறி வடிவப் பல்சக்கரம் முள்ளின் அச்சில் இருக்கும் குட்டிப் பல்சக்கரத்தைச் சுழற்ற, முள் பெரிதாக நகர்ந்து காட்டுகிறது. அழுத்தம் போனதும் குழாய் தானாகவே பழைய வளைவுக்குத் திரும்பும். அழுத்தம் வரம்பை மீறி உலோகம் அதன் மீட்சி எல்லையைத் தாண்டிவிட்டால் மட்டும் திரும்பாது. இன்ஜின் அணைந்த பிறகும் முள் பூஜ்யத்துக்கு வராமல் நின்றால், அந்த மீட்டர் சொல்லும் எதையும் நம்பாதீர்கள். கருவி சரியாக அளக்கிறதா என்று அளந்து பார்ப்பது தனி அறிவியல். அமெரிக்கா அதற்காக 1901இலேயே தேசிய நியமங்கள் அலுவலகம் ஒன்றை ஏற்படுத்தியது. ராக்கெட்டுக்கும் தொலைநோக்கிக்கும் கிடைக்கும் கைதட்டல் அளவியலுக்குக் கிடைப்பதில்லை, பணமும் அப்படித்தான். தப்பான அளவுகோலை வைத்துக்கொண்டு செய்யும் ஆராய்ச்சிக்கு என்ன மதிப்பு என்று பணம் ஒதுக்குகிறவர்கள் யோசிக்க வேண்டும்.

குழாயில் ஆயில் ஓடிக்கொண்டே இருக்கும் என்று பலர் நினைக்கிறார்கள். ஓடாது. மறுமுனை அடைப்பு என்பதால் உள்ளே போன ஆயில் அப்படியே நிற்கும், அழுத்தம் மட்டும்தான் கடத்தப்படுகிறது. பாஸ்கல் விதிதான். குழாயில் கொஞ்சம் காற்று மாட்டிக்கொண்டாலும் அளவு தப்பாது, காற்று அமுங்கி முள் எழ கொஞ்சம் தாமதமாகும், அவ்வளவுதான். ஆனால் குழாய் உடைந்தால் சூடான ஆயில் ஓட்டுபவரின் காலில் பீய்ச்சும். அதனால்தான் நைலான் குழாய் போடுகிறவர்கள் அதை எக்ஸாஸ்ட் பக்கமே கொண்டுபோகக் கூடாது. பெட்ரோல் அழுத்தத்தை அளக்க இதே மாதிரிக் குழாயை நேராகக் கேபினுக்குள் இழுப்பதோ தற்கொலைக்குச் சமம்.

முள்ளைப் பற்றி ஒரு மூடநம்பிக்கையும் உண்டு. எவ்வளவு உயரே நிற்கிறதோ அவ்வளவு நல்லது என்று, தேவைக்கு மேல் கெட்டியான ஆயிலை ஊற்றுகிறார்கள். அழுத்தம் என்பது ஓட்டத்துக்கு எதிரான தடையையும் சேர்த்துத்தான் காட்டுகிறது. கெட்டி ஆயில் பேரிங்கின் குறுகிய இடைவெளியில் நுழையத் திணறும், பம்பில் அழுத்தம் ஏறும், அழுத்தம் மிகாமல் காக்கும் வால்வு திறந்து உபரி ஆயில் திரும்பிப் போய்விடும். முள் கம்பீரமாக நிற்கும், பேரிங்குக்குப் போகும் ஆயிலோ குறையும். சூடான வி8 இன்ஜினுக்கு நிமிடத்துக்கு ஒவ்வொரு 1000 சுற்றுக்கும் 10 பி.எஸ்.ஐ. போதும் என்பது அமெரிக்க மெக்கானிக்குகளின் பழைய கணக்கு. தாராளமாகப் போதும்.

தண்ணீர் சூட்டைக் காட்டும் மீட்டரிலும் இருப்பது இதே போர்டன் குழாய்தான். இன்ஜினில் செருகும் குமிழில் ஈதர் போல எளிதில் ஆவியாகும் திரவம் இருக்கிறது. சூடானால் ஆவி அழுத்தம் ஏறி, நூல் போன்ற குழாய் வழியாக வந்து ‘சி’யை விரிக்கிறது. ஆவி அழுத்தம் ஒரே சீராக ஏறுவதில்லை. ஈதரை 80 டிகிரி செல்சியஸிலிருந்து 100க்குக் கொண்டுபோனால் சுமார் 2.4 வளிமண்டல அழுத்தம் கூடும், 100லிருந்து 120க்குப் போனால் சுமார் 3.5 கூடும். அந்த மீட்டரின் முகத்தில் குறைந்த எண்கள் நெருக்கியடித்துக்கொண்டும் உயர்ந்த எண்கள் விலகி விலகியும் இருப்பது இதனால்தான். ஆபத்து எந்தப் பக்கமோ அந்தப் பக்கத்தில் முள் துல்லியமாகக் காட்டுகிறது. மிச்சமிருக்கும் குழாயைச் சுருட்டித்தான் வைக்க வேண்டும். வெட்டினால் ஆவி வெளியேறி, மீட்டர் அன்றோடு செத்துவிடும்.

மூன்றாவதாக இருப்பது மின்சார மீட்டர். கிரைஸ்லர் கார்களில் இருந்த, மின்னோட்டத்தை அளக்கும் பழைய அம்மீட்டர் வழியாகக் காரின் பெரும்பகுதி மின்னோட்டமும் போய்வரும், இணைப்பு தளர்ந்தால் வயர் உருகும். அதை எடுத்துவிட்டு வோல்ட்மீட்டர் போடுவது புத்திசாலித்தனம். இன்ஜின் ஓடும்போது 14 வோல்ட் பக்கம் காட்டினால் சரி. பெட்ரோல் மீட்டரையும் மாற்றுகிறவர்கள் டேங்கில் உள்ள சென்சாரின் ஓம் கணக்கைப் பார்த்துக்கொள்ளுங்கள். 1965க்குப் பிந்தைய ஜெனரல் மோட்டார்ஸ் கார்களில் காலி டேங்க் 0, நிறைந்தால் 90. அந்தக் கால ஃபோர்டிலோ காலி டேங்க் 73, நிறைந்தால் 10க்குப் பக்கம். இரண்டையும் கலந்தால் டேங்க் காலியாகக் காலியாக முள் ஏறும்.

மாட்டுவதற்கு முன் சூட்டு மீட்டரைச் சோதிக்க ஆய்வகம் தேவையில்லை. குமிழைக் கொதிக்கும் தண்ணீரில், பாத்திரத்தின் அடியில் படாமல் பிடித்தால் போதும். கடல் மட்டத்தில் 212 டிகிரி ஃபாரன்ஹீட் காட்ட வேண்டும். டென்வர் போல 1,600 மீட்டர் உயரத்தில் இருப்பவர்களுக்கு 202, 203 என்று காட்டினால் மீட்டரைக் கடையில் திருப்பிக் கொடுத்துவிடாதீர்கள். அங்கே தண்ணீர் கொதிப்பதே அந்தச் சூட்டில்தான்.