டாக்டர் ‘பாஸ் அவுட்’ ஆனீர்களா என்று கேட்டால்

சிங்கப்பூரில் எங்கள் மருத்துவமனைக்குக் கட்டுமானத் தளத்திலிருந்து ஒரு தம்பி நெற்றியில் வெட்டுக்காயத்தோடு வந்தார். “டிட் யூ பாஸ் அவுட்?” என்று டாக்டர் கேட்டதும், “நோ சார்” என்றார். நம் ஊரில் பாஸ் அவுட் என்றால் படிப்பை முடிப்பது. டிப்ளமோவைப் பாதியில் விட்டவர் அவர், அதைத்தான் கேட்கிறார்கள் என்று நினைத்துவிட்டார். நான் கட்டுப் போட்டுக்கொண்டே, “எப்படி விழுந்தீங்க தம்பி?” என்றேன். “தெரியலக்கா, கண்ணு முழிச்சப்ப எல்லாரும் சுத்தி நின்னாங்க.” உடனே டாக்டரிடம் ஓடினேன். அதற்குப் பிறகுதான் இசிஜி எடுத்தார்கள்.

மருத்துவமனையில் ‘பாஸ் அவுட்’ என்றால் நினைவு தப்புவது, அவ்வளவுதான். தடுக்கி விழுவது வேறு, நினைவு தப்பி விழுவது வேறு. இரண்டாவது என்றால் இதயத் துடிப்பில் கோளாறா, சர்க்கரை இறங்கியதா, வெயிலில் உடம்பில் நீர் வற்றியதா, வலிப்பா என்று தேட வேண்டும், அந்தத் தேடல் உங்கள் ஒரு பதிலில்தான் தொடங்குகிறது.

இங்கே தேசிய சேவைக்குப் பிள்ளையை அனுப்பிய வீடுகளுக்கு இன்னொரு பொருளும் தெரியும். புலாவ் தெக்கோங்கில் அடிப்படை ராணுவப் பயிற்சி முடித்தவர்களுக்கு நடக்கும் அணிவகுப்பை ‘பாஸிங் அவுட் பரேட்’ என்றுதான் சொல்வார்கள். ‘பாஸ் அவே’ முற்றிலும் வேறு, அது இறந்துபோவது. பதற்றத்தில் இந்த இரண்டையும் மாற்றிச் சொல்லிவிடாதீர்கள்.

ஆனால் குழப்பம் ஆங்கிலத்தில் மட்டும் இல்லை. நம் ‘மயக்கம்’ இருக்கிறதே, தலைசுற்றலுக்கும் அதுதான், நினைவில்லாமல் சாய்வதற்கும் அதுதான். “அப்பாவுக்கு மயக்கம் வந்துச்சு” என்று அம்மா சொல்வதை மகள் ‘கிடி’ என்று மொழிபெயர்க்கிறார், டாக்டர் தலைசுற்றல் என்று எழுதிக்கொள்கிறார், அப்பா சில நொடி நினைவே இல்லாமல் கிடந்தது ஏட்டில் வருவதே இல்லை. அதனால் நான் இப்போதெல்லாம் மயக்கமா என்று கேட்பதில்லை. “விழுந்தது ஞாபகம் இருக்கா? பக்கத்தில இருந்தவங்க கூப்பிட்டது கேட்டுச்சா?” என்றுதான் கேட்கிறேன். நீங்களும் வீட்டில் அப்படியே கேளுங்கள், அப்புறம் “ஹீ பாஸ்ட் அவுட்” என்று தயங்காமல் சொல்லுங்கள், எவ்வளவு நேரம் என்பதையும் சேர்த்து.

ஒருவர் கூப்பிட்டும் எழவில்லையா, இங்கே ஆம்புலன்ஸுக்கான 995-ஐ அழையுங்கள். அங்கே ‘பாஸ் அவுட்’ என்ற சொல்லும் வேண்டாம், “நாட் வேக்கிங் அப்” போதும். மூச்சு இருக்கிறதா என்று கேட்பார்கள், மார்பு ஏறி இறங்குகிறதா என்று பார்த்துச் சொல்லுங்கள். அவர்கள் சொல்லும்வரை போனை வைத்துவிடாதீர்கள், அடுத்து என்ன செய்ய வேண்டும் என்று அவர்களே சொல்லித் தருவார்கள்.