பிராவெனன்ஸ்: விதைக்கு எந்த ஊர்?

பழைய ஓவியம் ஒன்று ஏலத்துக்கு வந்தால், அது எங்கிருந்து கிளம்பி யார் யார் கையில் இருந்து வந்தது என்று விசாரிப்பார்கள். அந்த வரலாற்றுக்கு ஆங்கிலத்தில் பிராவெனன்ஸ் என்று பெயர். வனவியலில் இதே சொல் விதை வந்த இடத்தைக் குறிக்கும். லத்தீனில் 'ப்ரோ' என்றால் முன்னே, 'வெனிரே' என்றால் வருதல். பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்குள் நுழைந்த சொல் இது.

மர விதைக்கு ஊர் விசாரிப்பானேன்? இமயமலைப் பக்கம் குலுவில் பொறுக்கிய தேவதாரு விதையையும், அதே மலையின் இன்னொரு பகுதியான கட்வாலில் பொறுக்கியதையும் ஒரே நாற்றங்காலில் பக்கத்துப் பக்கத்துப் பாத்திகளில் விதைப்பதாக வைத்துக்கொள்வோம். மண்ணும் தண்ணீரும் ஒன்றே. அப்புறமும் ஒரு பாத்திக் கன்றுகள் மட்டும் உயர்ந்து போனால், அந்த வேறுபாடு விதைக்குள்ளேயே வந்தது என்று கொள்ளலாம். அதுதான் மரபு வேறுபாடு.

அவசரப்படவும் கூடாது. பருத்த விதைக்குள் தாய்மரம் கட்டிக்கொடுத்த சாப்பாடு அதிகம். முதல் வருட உயரத்தில் ஒரு பங்கு அந்தச் சீர்வரிசையின் வேலையாக இருக்கலாம். பாத்தியின் ஓர் ஓரத்தில் நிழல் விழுந்தாலும் கணக்கு கெடும். அதனால் ஒவ்வோர் ஊர் விதையையும் பல பாத்திகளில் இடம் கலைத்துப் போட்டு, சில வருடம் பொறுத்து அளப்பார்கள். ஒரே ஊரின் மரத்துக்கு மரம் இருக்கும் வேறுபாடு, ஊருக்கு ஊர் இருப்பதைவிடப் பெரிதாக வருவதும் உண்டு. பிரான்சில் விதை வியாபாரக் குடும்பத்துக்காரரான பிலிப் ஆந்திரே த வில்மோரின் 1820-களிலேயே பல ஊர் பைன் விதைகளை அருகருகே வளர்த்து ஒப்பிடத் தொடங்கிவிட்டார்.

சரி, தமிழில் என்ன சொல்வது? 'பூர்வீகம்', 'தோற்றம்' என்றெல்லாம் சட்டென்று சொல்லத் தோன்றும். அங்கேதான் சிக்கல். தெற்கு பிரான்சின் மோன் வாந்தூ மலைச்சரிவில் 1860-களில் தேவதாருவின் உறவு மரமான அட்லஸ் சிடாரை விதைத்துக் காடு உண்டாக்கினார்கள். விதை அல்ஜீரியாவிலிருந்து வந்தது. இன்று அந்தக் காட்டில் விதை எடுத்தால் அதன் பிராவெனன்ஸ் வாந்தூ; பூர்வீகம் அல்ஜீரியா. வனவியல் இரண்டையும் கறாராகப் பிரிக்கிறது.

நமக்கு இது புதிதா என்ன? "பிறந்தது சென்னை, பூர்வீகம் தஞ்சாவூர்" என்று சொல்லாத குடும்பம் குறைவு. அந்தப் பேச்சையே விதைக்கும் வைத்துக்கொள்ளலாம். பூர்வீகம் வடசொல் என்று தயங்குகிறவர்களுக்குத் தாயகம் இருக்கிறது. பிராவெனன்ஸுக்கு என் தேர்வு விதையூர். 'விதைச் சேகரிப்பிடம்' என்றால் பொருள் பிசகாதுதான், ஆனால் நாற்றங்கால் பலகையில் எழுத இடம் போதாது. விதையூர் என்றால் இரண்டே வரி:

விதையூர்: மோன் வாந்தூ.
தாயகம்: அட்லஸ் மலை, அல்ஜீரியா.